இதோ கூப்பிடுறேன் மாமா

ஜனவரி 12

ஏங்க,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நேற்று மத்தியானம் மூஞ்சியில் மீசையோடு டீக்கடைக்குப் போய்விட்டேன். பசை காய்கிற வரைக்கும் தொடாதே என்றார்கள். தொடவில்லை. தொடாததால் மறந்தே போச்சு. தலையில் முண்டாசு வேறு. கடைக்காரர், "அண்ணே, சர்க்கரை தூக்கலாவா?" என்கிறார். நான் என்ன செய்ய? கனைத்துக்கொண்டு, "தூக்கலாவே போடுப்பா" என்றேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் காலை மடக்கி வழிவிட்டார். உங்களைக் கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் ஓர் ஆண்பிள்ளை எனக்காகக் காலை மடக்கியது இதுதான் முதல் தடவை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மீசை எப்படி முளைத்தது என்று கேட்பீர்கள். எங்கள் நாடகத்தில் ராணி வேஷம் கட்டுகிற அம்மாள் மாடிப்படியில் விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். கவசம் தைக்கும்போது அவள் வராத நாளெல்லாம் என்னை நிறுத்தி வைத்துத்தான் அளவு பார்த்தோம். அதனால் அது எனக்குத்தான் கச்சிதம். வசனமோ, ஊசியும் நூலுமாகத் திரை ஓரம் நின்று நின்று கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம். நாடக வாத்தியார் மேலும் கீழும் பார்த்தார். "படிப்பு எது வரைக்கும்?" "மூணாவதுங்க. அதுவும் பாதி." "போதும். ராஜாவுக்கு அதுவே அதிகம்" என்றார்.

ராணிக்கு எதற்கு மீசை என்றால், கதை அப்படி. தலைமுறை தலைமுறையாக ஜனங்களை அழவைக்கிற பழைய சோகக் கதையாம். ராஜா நல்லவன், ஆனால் வாளைத் தொட்டால் கை நடுங்கும். போருக்கு முதல் நாள் ராணி அவன் கவசத்தை மாட்டி, மீசை ஒட்டி, ராஜாவாகக் குதிரை ஏறிவிடுகிறாள். ராணியைக் காணோம் என்று யாரும் தேடக் கூடாதே, அதனால் அவன் அவள் உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்தப்புரத்தில் உட்கார்ந்திருக்கிறான். எதிரி ஆட்கள் ராணியைக் கொல்ல வருகிறார்கள். "நான்தான் ராஜா" என்று ஒரு வார்த்தை சொன்னால் உயிர் தப்பலாம். சொன்னால் களத்தில் இருக்கிறவள் மாட்டிக்கொள்வாள். சொல்லாமலே சாகிறான். ஜெயித்துத் திரும்புகிறவள் புருஷன் பிணத்தைக் காட்டி, "ராணி போய்விட்டாள்" என்று ஊருக்கு அறிவிக்க வேண்டும். அழவும் கூடாது. ராஜா அழுவாரா?

நம் வீட்டிலும் இதே கூத்துதானே. உங்கள் பட்டறையை மூடியதும் நான் ஊசியோடு நாடகக் கம்பெனிக்கு வந்தேன், நீங்கள் கரண்டியோடு வீட்டில். மாமா இன்னும் உங்கள் கையால் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாரா? ஒன்று செய்யுங்கள். என் பூப்போட்ட நைட்டியை மாட்டி, பித்தளை வளையலைப் போட்டுக்கொண்டு, தொண்டையை இறுக்கி, "மாமா, வாயத் திறங்க" என்று சொல்லுங்கள். உங்க அப்பாவுக்குக் கண்தான் தெரியாதே. சமர்த்தாகக் குடித்துவிடுவார்.

இப்படிக்கு,
பொறுப்பு ராஜா


ஜனவரி 18

கடிதம் வந்தது. சிரிக்கத்தான் எழுதியிருக்கிறாய். இரண்டு தடவை படித்தேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் எடுக்கவில்லை. கரண்டியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்கிறார். வாதத்தில் இடது பக்கம்தான் விழுந்திருக்கிறது, வலது கை இன்னும் கிரேன் ஓட்டின கைதான். தட்டிவிட்டால் கஞ்சி சுவரில் போய் ஒட்டுகிறது. "இரும்பு கடைஞ்ச கையாடா இது? ஊட்டி விட வந்துட்டியா? இந்த வீட்ல பொம்பளைங்க இல்ல? மருமகளக் கூப்பிடு" என்கிறார். நீ ஊரில் இல்லை என்றேன். "பொண்டாட்டியச் சம்பாதிக்க அனுப்பிட்டு அடுப்படியில ஒக்காந்திருக்கியா? அப்படி ஒரு பிள்ளைய நான் பெக்கல" என்றார். ஒரு ஆயாவை வைத்துப் பார்த்தேன். அவளைக் கடித்துவிட்டார்.

துணி மாற்றும்போது மட்டும் சத்தம் போடுவதில்லை. கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். தெரியாத கண்ணை எதற்கு மூட வேண்டும்?

எனக்கு வேறொன்றும் வேண்டாம். அவர் போவதற்குள், இது என் மகன் கை என்று தெரிந்து, ஒரு வாய் வாங்கிக்கொண்டால் போதும்.

போன் செய்யாதே. போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. உன் குரல் கேட்டால் உன்னைத்தான் கேட்பார். கடிதமே எழுது.

அந்தப் பூப்போட்ட நைட்டி அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது?


ஜனவரி 23

ஏங்க,

கல்லுக்குள்ளும் ஈரம்! கேலிக்குக் கேலி எழுதக் கற்றுக்கொண்டீர்களே. கடைசி வரியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை முழுங்கப் பார்த்தேன்.

இரண்டாம் தட்டு, தலையணை உறைக்கு அடியில். தலைக்கு என் தைலம் ஒரு சொட்டு வைக்க மறக்காதீர்கள், மாமாவுக்கு மூக்கு கூர்மை. செருப்பைத் தேய்த்து நடக்கணும். "தரையத் தேய்ச்சுத் தேய்ச்சே வீட்டுக்கு மெருகு ஏத்திட்ட" என்று அவர் என்னைச் சொல்வாரே, ஞாபகம் இருக்கா? இடுப்பு மட்டும் எங்கிருந்து கொண்டுவருவீர்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

முதல் ஆட்டம் முடிந்துவிட்டது. விழவில்லை, உளறவில்லை. கவசம் என்றால் தகரம் என்று நினைக்காதீர்கள், சாக்குத் துணியில் வெள்ளிப் பூச்சு. ஆனாலும் போட்டதும் முதுகு தானாக நிமிர்கிறது. சாமான் தூக்குகிறவர்கள், "தள்ளு தள்ளு, ராஜா வர்றாரு" என்று ஒதுங்குகிறார்கள். கழற்றிவிட்டு அதே வழியில் வந்தால், "அக்கா, இந்தப் பொத்தானத் தைச்சுக் குடு" என்கிறார்கள். ஆள் ஒன்றுதான். யாரிடமும் சொல்லாதீர்கள், ராத்திரி கவசத்தைக் கழற்ற எனக்கு மனசே வருவதில்லை.

மாமா சாப்பிட்டாரா? இந்தத் தடவை நிஜமாகக் கேட்கிறேன்.


பிப்ரவரி 2

சாப்பிடுகிறார்.

மீசையை எடுத்துவிட்டேன். அவர் சில சமயம் முகத்தைத் தடவிப் பார்ப்பார் என்பதால். வளையல் சோப்பு போட்டும் ஏறவில்லை, கட்டைவிரல் எலும்பை அழுத்திப் பிடித்து நான்கையும் ஏற்றினேன். கொஞ்சம் தோல் போயிற்று. உன் குரல் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் அல்லவா.

"மாமா, வாயத் திறங்க" என்றேன். திறந்தார். குஞ்சு மாதிரி திறந்தார். கிண்ணம் முழுக்க முடித்துவிட்டு, "எங்கம்மா போயிட்ட இத்தன நாளா?" என்றார். "இங்கதான் மாமா இருந்தேன்" என்றேன். அது பொய் இல்லை.

முதல் இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள், "உம் புருஷன் எங்க?" என்று கேட்டார். வேலை தேடிப் போயிருக்கிறார் என்றேன். அதன் பிறகு தினமும் கேட்கிறார். "பெத்தவன் கெடக்கிறேன், ஒரு நாளாவது எட்டிப் பாத்தானா? எப்படிம்மா அவனக் கட்டிக்கிட்டு மாரடிக்கிற?" நான் வாயைத் துடைத்துவிடுகிறேன். "சின்னதுல இருந்தே அப்படித்தான். கிரேன்ல ஏத்திவிட்டா கீழ பாத்து அழுவான்." எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. அழுதது காற்றில் அவர் தொப்பி பறந்துபோனதற்கு. அவரிடம் எந்தக் குரலில் சொல்வது?

நேற்று தங்கச்சி போன் செய்தாள். பக்கத்தில் அப்பா. எடுத்து உன் குரலிலேயே பேச வேண்டியதாயிற்று. "அண்ணி, நீங்க இல்லைன்னா அப்பா கதி என்ன ஆயிருக்கும்? அண்ணனை என்னத்தச் சொல்றது. அதெல்லாம் ஒரு ஜென்மம்" என்றாள்.

ஆமாம் என்றேன்.


பிப்ரவரி 8

ஏங்க,

என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க. நான் விளையாட்டுக்குச் சொன்னேங்க. கேலி என்று தெரியாமலா போய்விட்டது உங்களுக்கு? என்னைத் தெரியாதா? கல்யாணத்தன்றே உங்கள் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு நடந்தால் ஆயுசு கெட்டி என்று சொன்னவள் நான். அன்றைக்கும் நம்பிக்கொண்டு வெறுங்காலோடுதான் நடந்தீர்கள்.

உங்கள் கடிதத்தை மேக்கப் அறைக் கண்ணாடிக்கு முன்னால் படித்தேன். கண்ணாடியில் மீசை வைத்த ஒருத்தன் உட்கார்ந்து அழுகிறான். எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்த வாரம் அரங்கத்தில் வேறு கூட்டம், எங்களுக்கு இரண்டு நாள் ஆட்டம் இல்லை. வருகிறேன். அசல் வந்த பிறகு நகல் எதற்கு? நான் ஊட்டுகிறேன், நீங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "மாமா, இதோ உங்க பிள்ளை" என்று நானே கையைப் பிடித்து வைக்கிறேன். எல்லாம் சரியாகிவிடும்.


பிப்ரவரி 19

ஏங்க,

வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் யோசித்ததெல்லாம் இறங்கும்போது சீட்டிலேயே தங்கிவிட்டது.

"மாமா" என்றுதான் கூப்பிட்டேன். என் சொந்தத் தொண்டையில், என் சொந்த நைட்டியில். தலையைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டார். "யாரும்மா? நர்ஸா?" என்றார். நான்தான் மாமா என்றேன். கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என் மருமக கை இப்படிச் சொரசொரன்னு இருக்காது. அவளக் கூப்பிடு" என்றார். ஊசி குத்திக் குத்தித் தேய்ந்த விரல் அது. உங்கள் கையோ பட்டறையை விட்டு, பாத்திரமும் துணியுமாகத் தண்ணீரில் ஊறி, காய்ப்பெல்லாம் போய் மெத்தென்று ஆகிவிட்டது.

அப்புறம் பக்கத்து அறையிலிருந்து செருப்பைத் தேய்த்துக்கொண்டு நான் வந்தேன். அதாவது நீங்கள். எழுந்து உங்களுக்கு வழிவிட்டேன். அத்தனை வருஷம் நான் ஊட்டினபோது அவர் அப்படி வாயைத் திறந்ததில்லை.

அடுப்படியில் நான் சிரித்ததை நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள். கேலிக்குச் சிரிக்கவில்லை. அழுதால் மாமா காதில் விழும், சிரித்தால் பக்கத்து வீடு என்று நினைத்துக்கொள்வார். அதைச் சொல்லவும் விடாமல் பஸ் நிறுத்தத்தில், "நீ போ. நீ இருந்தா அவரு சாப்பிட மாட்டாரு" என்றீர்கள். என் வீட்டிலிருந்து என்னை அனுப்பி வைத்தீர்கள். நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ராஜா வேஷம் காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குள்ளே ஒருத்தி நிம்மதிப்பட்டாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இருக்கிறாள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வளையலைக் கழற்றுங்கள். சட்டை போட்டுக்கொண்டு போய், உங்கள் குரலில், "நான்தான்பா" என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும். எட்டிப் பார்க்காத பிள்ளை என்று நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தால், அப்புறம் உங்களை யாராலும் தேற்ற முடியாது. என் கேலியாலும் முடியாது.


பிப்ரவரி 26

நீ சொன்னபடி செய்தேன்.

புதன்கிழமை காலையில் சட்டை, பேன்ட் போட்டுக்கொண்டு போனேன். பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை, கிரீஸ் வாசனை இன்னும் இருக்கிறது. அவருக்கு அது தெரியும் என்று நினைத்தேன். "நான்தான்பா" என்றேன். ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். பிறகு, "வழி தெரிஞ்சுதா?" என்றார். இத்தனை நாளும் பக்கத்திலேயே இருந்தேன் என்றேன். "பொய்யும் சொல்லக் கத்துக்கிட்டியா. மருமக கிட்டயே இருக்கா, அவளுக்குத் தெரியாதா நீ வந்தியா இல்லையான்னு? அவளக் கேளு" என்றார்.

யாரைக் கேட்பது?

அன்றும் மறுநாளும் என் கையால் வாங்கவில்லை. உதடு வெடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை மறுபடி வளையலை ஏற்றினேன். இந்தத் தடவை கை வீங்கியிருந்தது. குடித்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ரகசியம் மாதிரிச் சொன்னார்: "அவன் வந்தாம்மா. கையி நடுங்குது அவனுக்கு. ஒழுங்காச் சாப்பிடுறானா இல்லையா? நீ கேக்கறதில்லையா?"

சாப்பிடுகிறார் மாமா என்றேன்.

அவர் நல்ல வார்த்தை சொல்வதும் அவளிடம்தான். எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது. உன் மேலா, என் மேலா, தெரியவில்லை. கண்ணாடியை மூடி வைத்திருக்கிறேன்.


மார்ச் 3

ஏங்க,

ராஜா சாகிற காட்சியில் நான் திரை ஓரம் கவசத்தோடு காத்திருப்பேன். நடிக்கிறவர் ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு மனுஷன், தினம் தினம் என் கண் முன்னால் என் உடுப்பில் வாயைத் திறக்காமல் செத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பழகிப்போயிருந்தது. நேற்று அவர் கழுத்தில் கத்தி வைத்ததும், "சொல்லித் தொலையேன்யா!" என்று கத்திவிட்டேன். முன் வரிசை வரைக்கும் கேட்டதாம். வாத்தியார் திட்டினார். ஜனங்கள் அதுவும் நாடகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

கடைசி ஆட்டம் பதினைந்தாம் தேதி. முடிந்ததும் மீசையைப் பிய்த்து வாத்தியார் கையில் கொடுத்துவிட்டு வருகிறேன். இந்தத் தடவை நீங்கள் விரட்டினாலும் போக மாட்டேன். நர்ஸாக இருக்கிறேன், வேலைக்காரியாக இருக்கிறேன், மாமா எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

கண்ணாடித் துணியை எடுங்கள். அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் நான் கட்டிக்கொண்டேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இருந்ததாக ஞாபகம் இல்லை.


மார்ச் 9

அப்பா போய்விட்டார். செவ்வாய்க்கிழமை. எல்லாம் முடிந்துவிட்டது, நீ பதற வேண்டாம்.

போன் செய்ய எடுத்தேன். எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை. வைத்துவிட்டேன்.

நடந்ததை உனக்கு மட்டும் எழுதுகிறேன். காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு சொட்டு உள்ளே போயிற்று. பிறகு வலது கையால் என் வளையலைத் தேடிப் பிடித்தார். "அம்மா, அவனக் கூப்பிடு" என்றார். யாரை என்று கேட்டேன். "என் மகனை. திட்ட மாட்டேன்னு சொல்லு. அவன் கையால ஒரு வாய் தண்ணி குடுக்கச் சொல்லு" என்றார்.

நான் அங்கேதான் இருந்தேன். அவர் தலை என் மடியில் இருந்தது. டம்ளர் என் கையில் இருந்தது. "நான்தான்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது எனக்குத் தோன்றவே இல்லை. உன் குரலில், "இதோ கூப்பிடுறேன் மாமா" என்று சொல்லிவிட்டு, அவர் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்துவிட்டு, எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன்.

நைட்டியைக் கழற்றினேன். சட்டை போட்டேன். வளையல் வரவில்லை. குழாயடியில் சோப்பு போட்டு மூன்றை இழுத்தேன். நான்காவது எலும்பில் மாட்டிக்கொண்டது. அதோடு எப்படிப் போவது, சத்தம் கேட்குமே என்று நின்று இழுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சட்டைக் கையைக் கீழே இறக்கி மூடி, டம்ளரை எடுத்துக்கொண்டு, செருப்பு தேயாமல், என் நடையில் போனேன். "அப்பா" என்றேன்.

வாய் திறந்தபடி இருந்தது. எனக்காகத்தான் திறந்து வைத்திருந்தார். தண்ணீர் ஊற்றினேன். ஓரமாக வழிந்து வந்துவிட்டது.

தங்கச்சி வந்தாள். கூடத்தில் எல்லார் முன்னாலும், "இப்பவாவது வந்தியே" என்றாள். அண்ணி எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். பார்த்துப் பார்த்துச் செய்தவள், கடைசி நேரத்தில் இல்லையே என்று உன்னைப் பற்றித்தான் பேச்சு. உனக்காக நிறைய பேர் அழுதார்கள்.

நீ அவசரப்பட்டு வர வேண்டாம். ஆட்டத்தை முடித்துக்கொண்டே வா. இங்கே யாரும் இல்லை. நான் இருக்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். கை இப்படி எழுதிவிட்டது.


மார்ச் 12

ஏங்க,

உங்கள் கடிதம் மத்தியானம் வந்தது. கவசம் மாட்டிக்கொண்டிருந்தேன். நின்றபடியே படித்துவிட்டு, வாத்தியாரிடம் போய், "என் மாமனார் போயிட்டாரு, என் வீட்டுக்காரரும் போய்க்கிட்டிருக்காரு, நான் கிளம்பறேன்" என்றேன். கால் உடைந்த அம்மாளை நாற்காலியில் வைத்தாவது ஆட்டத்தை நடத்திக்கொள்வார்கள். நாலு நாள் முன்னால் இந்தப் புத்தி வந்திருக்கணும். வரவில்லை.

உங்களைச் சிரிக்க வைக்க ஒரு வார்த்தை தேடினேன். எப்போதும் வாய் நிறைய வைத்திருப்பேன், இன்றைக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கேலியை நான் எழுதாமல் இருந்திருந்தால் மாமா பட்டினியால் ஜனவரியிலேயே போயிருப்பார். எழுதினதால் மார்ச்சில் போனார். இந்த இரண்டில் எது நல்லது என்று கூட்டிக் கழிக்க மூணாவது பாதி படிப்பு பத்தவில்லை. நீங்கள் பெரிய வகுப்பு வரைக்கும் படித்தவர். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

நான் வருகிற வரைக்கும் வளையலை இழுக்காதீர்கள், எலும்பு போய்விடும். வந்ததும் "ராணி எங்கே" என்று கேட்க மாட்டேன். "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்பேன். உங்கள் குரலில் பதில் சொல்லுங்கள். இல்லை என்று சொன்னாலும் சரி, உங்கள் குரலில் சொல்லுங்கள். அது வரவில்லை என்றால் வருகிற வரை உட்கார்ந்திருக்கிறேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

பஸ் ஏறினேன். நடத்துனர், "எங்கம்மா?" என்றார். "வீட்டுக்கு" என்றேன். "கடைசி வரைக்குமா?" என்றார். ஆமாம் என்றேன். டிக்கெட் கொடுத்தார். தூங்கிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் எழுப்பிவிட்டார்கள். இது வேறு ஊர். இங்கிருந்து நம் ஊருக்கு நாளைக் காலையில்தான் பஸ்ஸாம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதை எழுதுவதற்காக நிலையத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்கு இன்றைக்குத்தான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பச்சை.